பக்கத்து அறைக்கும் தெரியட்டும்

தமிழ்நாட்டின் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் அறை வாசலில் ‘சித்த மருத்துவப் பிரிவு’ என்ற பலகை இருக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு ஒரு வரிசை. மூட்டுவலி, மூலம், தோல் அரிப்பு என்று வருகிறவர்களுக்கு அடுத்த அறை. வயதானவர்கள் பலர் இரண்டு இடத்திலும் நிற்பார்கள். காலையில் மெட்பார்மின், இரவில் சூரணம். இரண்டும் ஒரே வயிற்றுக்குள்தான் போகின்றன என்பது அந்த இரண்டு அறைகளில் இருக்கும் மருத்துவர்களுக்கும் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. கேட்பதற்கு அவர்களுக்கு நேரமில்லை. சொன்னால் திட்டுவார்களோ என்று நோயாளிக்குப் பயம்.

ஆரம்ப சுகாதாரப் பணியில் தேவைக்கேற்பப் பாரம்பரிய மருத்துவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1978-இல் அல்மா-அட்டாவில் கூடிய உலக மாநாடு அறிவித்தது. வளரும் நாடுகள் பலவற்றுக்கு அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. இங்கே கட்டமைப்புக்குக் குறையில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மருந்து தயாரிக்க 1983-இல் டாம்ப்கால் நிறுவனம் தொடங்கப்பட்டது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு மருத்துவங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய முயற்சி

இரண்டையும் சேர்க்கும் ஆசை புதிதல்ல. நாட்டு வைத்திய முறைகளைப் பற்றி விசாரிக்க 1921-இல் சென்னை மாகாண அரசு உஸ்மான் குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாகக் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி படித்தவர்கள் அங்கே உடற்கூறும் அறுவை சிகிச்சையும் சேர்த்துப் படித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1960-இல் அதுவே கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆனது, இன்று எம்.பி.பி.எஸ். கல்லூரி.

ஒரே ஆளுக்குள் இரண்டு மருத்துவத்தையும் திணிக்கும் முயற்சி அப்படி முடிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டிலும் அரைகுறையாக ஒருவர் இருப்பதைவிட, ஐந்தரை ஆண்டு பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவரும் எம்.பி.பி.எஸ். மருத்துவரும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசிக்கொள்வது மேல்.

மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்

எங்கே பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு மஞ்சள் காமாலையைவிட நல்ல உதாரணம் இல்லை. கண் மஞ்சளானால் நம் ஊர்களில் முதலில் தேடுவது கீழாநெல்லி. மோரில் அரைத்துக் கொடுப்பார்கள், உப்பில்லாப் பத்தியம் சொல்வார்கள். சில வாரங்களில் கண் வெளுத்துவிடும். பெரும்பாலோருக்கு அது உண்மையாகவே நடக்கும். அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடுபவை. கீழாநெல்லி குடித்தாலும் சரியாகும், குடிக்காவிட்டாலும் சரியாகும். பேர் மட்டும் இலைக்குப் போகிறது.

சிக்கல் மற்ற காமாலைகளில்தான். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும், கணையத்தில் கட்டி வந்தாலும் கண் மஞ்சளாகும். எலிக்காய்ச்சல், மது, காசநோய் மாத்திரையின் பக்கவிளைவு என்று காரணங்கள் நீளும். ஏழெட்டு மாதக் கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. பிறந்த குழந்தையின் மஞ்சள் கூடினால் தேவைப்படுவது நீல ஒளிச் சிகிச்சை. நாக்கில் தடவும் சாறோ கண்ணில் விடும் சாறோ அந்த வேலையைச் செய்யாது. இவற்றில் எது என்று கண்ணைப் பார்த்து மட்டும் எந்த வைத்தியரும் சொல்ல முடியாது. ரத்தத்தில் பிலிருபின், கல்லீரல் என்சைம்கள், ரத்தம் உறையும் நேரம், வைரஸ் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் பார்க்க வேண்டும். பிறகு பத்தியம் இருக்கலாம்.

கீழாநெல்லியை அறிவியல் ஒதுக்கிவிட்டதாக ஒரு குறை உண்டு. அது சரியல்ல. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க், சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினருடன் சேர்ந்து இதே செடியை ஆராய்ந்தார். 1988-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் என்பதற்கு ஒரு சந்தேகம், செடியே வேறாக இருந்திருக்கலாம் என்பது. அது வீண் சந்தேகமும் அல்ல: தென்னிந்தியச் சந்தைகளில் ‘கீழாநெல்லி’ என்று விற்கும் சரக்கில் அதன் இனத்தைச் சேர்ந்த பல செடிகள் கலந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

ஆக, ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லியை நம்பி உட்கார முடியாது. அதற்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் நோயே வராமல் பெருமளவு தடுக்கலாம்.

நிலவேம்பு தந்த நல்ல வழக்கம்

2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை அரசு மருத்துவமனைகளிலேயே கொடுக்கத் தொடங்கியது. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. டெங்கு வைரஸை அது ஒழிக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. இருந்தும் அந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையைப் பார்க்கிறேன். குடிநீர் வாங்க வருகிறவர் மருத்துவமனை வளாகத்துக்குள் வந்துவிடுகிறார். ரத்தப் பரிசோதனை அங்கிருந்து பத்தடி தூரம்தான்.

அந்தப் பத்தடியை நடக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்துக் கட்டம் தொடங்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் குடிநீர் டம்ளரை வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சேர்த்துச் சாப்பிட்டால்

மாத்திரையையும் நாட்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிடலாமா? பொதுவாக ஆம் என்றோ கூடாது என்றோ சொல்ல முடியாத விஷயம் இது. சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. கிளிமெபிரைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அதையும் சேர்த்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வியர்த்து மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது. இருமலுக்குச் சப்பும் அதிமதுரம் நாள்கணக்கில் தொடர்ந்தால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டும் மருத்துவருக்கு அதிமதுரம் இருப்பது தெரியவே தெரியாது.

மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் இன்னும் சுவாரசியமானது. அது வேறு மருந்துகள் ரத்தத்தில் கலக்கும் அளவைக் கூட்டும். ஜம்முவிலுள்ள மத்திய அரசு ஆய்வகம் இதையே பயன்படுத்திக்கொண்டது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினோடு பைப்பரினைச் சேர்த்து, 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராமே போதும் என்ற கூட்டு மருந்தை உருவாக்கியது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்திலிருந்து நவீன மாத்திரை வரை வந்த இந்தப் பாதைதான் ஒருங்கிணைப்பு என்று நான் நினைப்பது. அதே பைப்பரின், வலிப்பு மாத்திரையான ஃபெனிடாயினின் அளவையும் ரத்தத்தில் ஏற்றும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றிக் கவலை வேண்டாம். திப்பிலி சேர்ந்த சூரணத்தை மாதக்கணக்கில் எடுக்கும் வலிப்பு நோயாளி மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

‘மூலிகைதானே’ என்ற துணிச்சல்

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில், உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கும் மேல். ஒரு சீன மூலிகைக்குப் பதில், ஒலிப்பில் அதை ஒத்த பெயருள்ள அரிஸ்டோலோக்கியா இனச் செடி மாறி வந்ததுதான் காரணம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். நம் ஆடுதீண்டாப்பாளையும் பெருமருந்துக் கொடியும் இதே இனம். வேலியில் கிடைக்கிறது என்று பறித்து அரைத்துக் குடிக்கும் சமாசாரம் அல்ல அது.

கொரோனாக் காலத்தில் சீந்திலைக் குடித்தவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அவர்கள் குடித்தது சீந்திலைப் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. இருக்கலாம். கடையில் வாங்குகிறவருக்கு அதை எப்படித் தெரியும்?

உலோகமோ தாதுப்பொருளோ சேரும் பற்பம், செந்தூரம் போன்றவை சுத்தி முறை தெரிந்தவர் கையில் மட்டுமே இருக்க வேண்டியவை. இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. எட்டி, வச்சநாபி, சேராங்கொட்டை, பாதரசம் போன்றவை சேர்ந்த மருந்துகளின் லேபிளில் மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை சட்டப்படி இருந்தாக வேண்டும். லேபிளே இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். இரண்டே நாளில் மூட்டுவலி பறந்துபோனால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் அதற்கு அடையாளம். சர்க்கரையையும் புற்றையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தினமும் டிவியில் வருகிறதே என்றால், வருகிறது. அது சட்டத்தின் குறையல்ல, அமலாக்கத்தின் குறை.

மற்ற நாடுகளில்

தாய்லாந்தில் நம் நிலவேம்பு உள்ளிட்ட பல மூலிகை மருந்துகள் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. அரசு மருத்துவமனையின் மருத்துவரே எழுதிக் கொடுப்பார். கானாவில் மூலிகை மருத்துவம் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு. சில அரசு மருத்துவமனைகளில் தனிப்பிரிவும் உண்டு. மாறாக 2020-இல் மடகாஸ்கரின் அதிபரே கொரோனாவுக்கு ஒரு மூலிகைப் பானத்தை மேடையேறி அறிமுகப்படுத்தினார். அதன் பிறகும் தொற்று நிற்கவில்லை. தாய்லாந்தில் மூலிகை பட்டியலின் வழியாக வந்தது, மடகாஸ்கரில் மேடை வழியாக.

இனி செய்ய வேண்டியது

அரசு பெரிதாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இரண்டு அறைக்கும் ஒரே சீட்டு போதும். சித்த மருத்துவர் எழுதியது எம்.பி.பி.எஸ். மருத்துவருக்குத் தெரிய வேண்டும், அவர் எழுதியது இவருக்குத் தெரிய வேண்டும். காமாலையோடு வருகிறவரைச் சித்த மருத்துவர் ஆய்வகத்துக்கு அனுப்பவும், பரிசோதனையில் பயமில்லை என்று தெரிந்த மூட்டுவலிக்காரரை எம்.பி.பி.எஸ். மருத்துவர் சித்தப் பிரிவுக்கு அனுப்பவும் வழி வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் ஊழியரின் பதிவேட்டில், நாட்டு மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கட்டம் சேர்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் பங்கும் உண்டு. நெஞ்சுவலி, வாய் கோணுதல், பாம்புக்கடி என்றால் வைத்தியம் எதுவும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். இன்சுலின், வலிப்பு, காசநோய், இதய மருந்துகளை யார் சொன்னாலும் திடீரென நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ கஷாயம் உட்பட எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டை, சூரணப் பொட்டலம், லேகிய டப்பா எல்லாவற்றையும் எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பெயர்களைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.