வைகறைப் பாடகன்

பொழுது புலருமுன், பெற்றோர் பிரட்டுக்குப் புறப்படும் வேளையில், லயத்துக் கூரையிலோ மின்கம்பத்தின் உச்சியிலோ அமர்ந்து சீழ்க்கையடித்தாற்போல் பாடும் சிறு பறவையின் குரலைக் கேட்டிருப்பீர்கள். மலாய்க்காரர் அதனை முராய் கம்போங் என்பர். தமிழில் அதன் பெயர் குண்டுக்கரிச்சான். தமிழகத்துத் தோப்புகளிலும் இதே பறவை வாழ்கின்றது. ஆதலின் கப்பலேறி வந்த நம் முன்னோர்க்கு இம்மண்ணில் பழகிய குரல்களுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த நீளமுடையது. ஆணின் தலையும் மார்பும் முதுகும் பளபளக்கும் கருமை. வயிறும் சிறகுப் பட்டையும் வெண்மை. பெண்ணுக்குக் கருமை இருக்குமிடத்தில் சாம்பல் நிறம். வாலை நிமிர்த்தியபடி தத்தித் தத்திச் சென்று புழு பூச்சிகளைப் பிடித்துண்ணும்.

இதன் அறிவியற் பெயருக்கும் சென்னைக்கும் தொடர்புண்டு. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த எட்வர்டு பக்லி என்பவர் இப்பறவையை இங்கிலாந்திலிருந்த பெட்டிவருக்கு அனுப்பினார். உடன் சென்ற ‘சாலரி’ என்னும் பெயரே, 1758-இல் லின்னேயசு சூட்டிய பெயரில் ‘சாலாரிஸ்’ என நிலைத்தது என்பர். அக்கோட்டையருகிலும் ஒரு ஜார்ஜ் டவுன் இருப்பது நம் பினாங்கு மாணவர்க்கு வியப்பளிக்கலாம்!

இப்பறவை மகிழ்ச்சியால் பாடுகின்றது என்றே நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அப்பாட்டு ஒரு வேலி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை உயர்ந்த கிளையிலமர்ந்து, “இவ்விடம் எனது” என்று மற்ற ஆண்களுக்கு அறிவிக்கின்றது. எல்லைக்குள் இன்னோர் ஆண் நுழைந்தால் பொறாது. இறகுகளைச் சிலிர்த்து, வாலை விரித்துப் பாயும். மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரியென்று கொத்துவதும் உண்டு.

இக்குணமே இதற்குப் பகையாகின்றது. கூண்டிலடைத்த ஓர் ஆணைப் புதரருகே வைத்துப் பாடவிடுவர். எல்லையைக் காக்க விரைந்து வரும் பறவை வலையிலோ பசையிலோ சிக்கிக்கொள்ளும். தானியம் தின்னும் மெர்போக் புறாவைப்போல் இதனைக் கூண்டில் வளர்ப்பது எளிதன்று. நாள்தோறும் பூச்சிகள் வேண்டும். சிங்கப்பூரில் 1920-களில் எங்கும் காணப்பட்ட இப்பறவை 1970-களின் இறுதியில் மிக அருகிவிட்டது. பிடித்து விற்றதும், வாழிடம் குறைந்ததும், மைனாக்களின் போட்டியும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 2015 முதல் 2020 வரை மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கடத்தல்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்டவை மட்டும் 20,000-க்கும் மேல். தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமின்றி இதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். சந்தையில் கூண்டோடு விலைபேசும் பெற்றோர் இதனை அறிதல் நன்று.

மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடமைத்து, பழுப்புப் புள்ளிகளுடைய வெளிர்நீல முட்டைகள் நான்கைந்து இடும். ஏறத்தாழ இரு வாரம் பெண்ணே அடைகாக்கும். ஆண் காவல் நிற்கும். பட்டமரங்களை வெட்டிவிட்டால் பொந்து கிடைப்பதரிது. ஆயினும் மரப்பெட்டியைச் சற்று உயரத்தில் கட்டிவைத்தால் அதிலும் குடியேறும். பலகைத் துண்டுகள் கைவினை வகுப்பில் நிறையவே கிடக்கின்றன. பாட்டைக் கேட்க விரும்புவோர், தண்ணீர்மலையருகே 1884-இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவுக்கு விடியற்காலையில் செல்லலாம். வெயிலேறிவிட்டால் குரல் அடங்கிவிடும்.