இரண்டு கோல், ஒரு நடை
பனிச்சறுக்கு வீரர்கள் கோடைப் பயிற்சிக்காக வெறும் கோல்களோடு நடப்பது பின்லாந்தில் பழைய வழக்கம். 1997-இல் எக்செல் நிறுவனம் அதற்கென்றே கோல் செய்து விற்க, 'நார்டிக் நடை' பரவியது. நம் சங்கத்துப் பெரியவர்களிடம் சொன்னேன், "கெழவன் மாதிரி தடி ஊனணுமா?" என்றார்கள். ஊன்றுவதல்ல ஐயா, பின்னுக்கு உந்துவது! வலக்காலோடு இடக்கை முன்னே போகும். கோல் பின்சாய்ந்தே இருக்கும். தோளும் முதுகும் உழைப்பதால், அதே வேகத்திலும் பிராணவாயுச் செலவு கூடுகிறது. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் சராசரி 20 சதவீதம். மூச்சு வாங்குபவர்களும் இருதய நோயாளிகளும் அதனால்தான் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மூட்டுவலி பறந்துடும் என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. முழங்கால் சுமை குறைவதாக எல்லா ஆய்வுகளும் காட்டவில்லை. உயரத்தை 0.68-ஆல் பெருக்கினால் கோலின் நீளம், 165 செ.மீ. ஆளுக்குச் சுமார் 112. தார்ச்சாலையில் ரப்பர் முனை போடுங்கள், வழுக்காது.