பொன்னுக்குப் புள்ளி

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் உட்காருகிறவர்கள் எல்லாரும் வீரன், மந்திரவாதி, தர்மவான் என்று வேஷம் கட்டுகிறார்கள். ஆனால் செய்வதென்னவோ ஒரு குகைக்குள் புகுந்து, அங்கே குடியிருப்பவர்களை வெட்டிப்போட்டு, அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது. இதில் தர்மம் எங்கே இருக்கிறது? டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளமான பதில்.

ஆட்டம் எளிமையானது. நாலைந்து பேர், ஒரு மேஜை, சில பகடைகள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். எதிரே கதவு இருக்கிறது, உள்ளே உறுமல் கேட்கிறது என்று அவர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவார்கள். 1974இல் இதை வெளியிட்ட கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவின் போர் விளையாட்டுக்காரர்கள். மேஜைமேல் பொம்மைச் சிப்பாய்களை நகர்த்திப் பழகியவர்கள். அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது நீதி நூல் இல்லை. எந்த உயிரினம் எந்தப் பக்கம் என்ற பட்டியல். அதனால் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்று அணி வைத்தார்கள். இந்த யோசனை பவுல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் போன்ற கற்பனைக் கதை எழுத்தாளர்களிடமிருந்து வந்தது. மூர்காக்கின் உலகில் ஒழுங்கு என்றால் நல்லது என்று பொருளில்லை. அதுவும் முற்றினால் உயிரற்ற பாழ்தான்.

நல்லது கெட்டது என்ற இன்னொரு கோட்டையும் சேர்த்துக் குறுக்கே போட்டபோது ஒன்பது கட்டம் கிடைத்தது. ஒழுங்கும் நன்மையும் சேர்ந்த லாஃபுல் குட்டில் தொடங்கி, குழப்பமும் தீமையும் சேர்ந்த கேயாட்டிக் ஈவில்வரை. 1978இல் வந்த மேம்பட்ட பதிப்பின் கையேட்டில் இந்த ஒன்பதும் நிலைத்தன. இதைத்தான் அலைன்மென்ட் என்கிறார்கள். ஆட்டக்காரர் தன் பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டில் ஒரு கட்டத்தை எழுதிக்கொள்வார். அதிலிருந்து வழுவினால் அந்தக் காலத்தில் ஒரு லெவலே, அதாவது பாத்திரம் ஏறி வந்த ஒரு படியே பறிபோகும். பாலடின் என்ற புனித வீரன் அப்போது லாஃபுல் குட்டாகத்தான் இருக்க வேண்டியிருந்தது; தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் அவனுடைய விசேஷ சக்திகள் போய்விடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவன் என்ன ஆவான் என்பதை அவன் தாளில் எழுதிக்கொண்டது தீர்மானிப்பதில்லை. ஆட்டம் எதற்குப் புள்ளி தருகிறது என்று பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

1981இல் வந்த அடிப்படைப் பெட்டியில், சண்டைவீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 அனுபவப் புள்ளி வேண்டும். ஆர்க் என்ற அரக்கன் ஒருவனைத் தோற்கடித்தால் 10 புள்ளி, அதையும் கூட்டாளிகளோடு பங்கு போட வேண்டும். ஆனால் வெளியே கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள், எவனுக்குச் சண்டை போடத் தோன்றும்? கலெக்‌ஷன் பேட்டா வாங்குகிற கண்டக்டர், படியில் தொங்குகிற கூட்டத்தைப் பார்த்து இன்னும் இரண்டு பேரை ஏற்றுவதைப் போலத்தான் இதுவும். அவர் கெட்டவரில்லை, சம்பளம் அப்படிப் பின்னப்பட்டிருக்கிறது. பழைய ஆட்டத்தின் கெட்டிக்கார வீரர்கள் ஆர்க் தூங்கும்வரை காத்திருந்து, பெட்டியைக் கிளப்பிக்கொண்டு நழுவினார்கள். சுருக்கமாகச் சொன்னால், அந்த ஆட்டம் திருடர்களை வளர்த்தது.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளி என்பது விருப்ப விதியாக ஒதுங்கியது. திருட்டை ஒழித்தாயிற்று என்று யாராவது மகிழ்ந்திருந்தால், அடுத்து நடந்ததையும் பார்த்திருப்பார்கள். பிற்பாடு புள்ளியின் பெரும்பங்கு எதிரிகளை வெல்வதற்கென்றே ஆயிற்று. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் காசுக்குப் புள்ளியே கிடையாது. கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றுக்கு 50, ஆர்க் ஒன்றுக்கு 100, இரண்டாம் லெவலுக்கு 300. தூங்குகிற ஆர்க்கை இப்போது எழுப்பி வெட்டுகிறார்கள். என் கட்சி என்ன என்று கேட்டால், பழைய திருடனே தேவலை என்பேன். அவனுக்கு ரத்தம் தேவைப்படவில்லை.

சண்டை எல்லாம் முடிந்த பிறகு என்ன என்பது இதைவிடச் சங்கடமான இடம். கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்ற பிரபலமான சாகசத்தில் குகை குகையாக ஆர்க்குகளும் கோப்ளின்களும் இருக்கின்றன. ஆயுதம் ஏந்தியவர்கள் மட்டுமில்லை, சண்டைக்கு வராத பெண்களும் குஞ்சு குளுவான்களும் உண்டு. வாயிலில் நின்ற காவலர்களை வெட்டியாயிற்று. உள்ளறையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு சின்ன கோப்ளின்கள் நிற்கின்றன என்கிறார் டன்ஜன் மாஸ்டர். மேஜையில் சத்தம் அடங்குகிறது. இவை ‘ஈவில்’ என்றுதானே புத்தகத்தில் போட்டிருக்கிறது, வளர்ந்து ஊரை எரிக்காதா என்று ஒருவர். நிராயுதபாணியைத் தொட்டால் என் பாலடின் என்ன ஆவான் என்று இன்னொருவர். பிறக்கும்போதே கெட்டது என்று ஓர் இனத்துக்கு முத்திரை குத்திவிட்டு, அதன் குழந்தையை எதிரே நிறுத்தினால் ஒன்பது கட்டத்தில் எதுவும் உதவிக்கு வராது. என்னைக் கேட்டால், அந்தச் சாகசத்தின் மிகச் சிறந்த அறை அதுதான், எழுதியவர் அப்படி நினைத்தாரோ இல்லையோ.

“என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்” என்று கட்டத்தைக் காட்டித் தப்பிக்கிற சாக்கும் உண்டு. கூட்டாளியின் பையிலிருந்தே திருடிவிட்டு, கேயாட்டிக் நியூட்ரல் என்று எழுதியிருக்கிறேனே என்பார்கள். எழுதியது யார் கை?

வேறு வழியில் யோசித்தவர்களும் இருக்கிறார்கள். ‘வேம்பயர்: தி மாஸ்கரேட்’ என்ற இன்னொரு பாத்திர ஆட்டம் 1991இல் வந்தது. அதில் மனிதத்தன்மை என்று ஓர் அளவு உண்டு. கொடுமை செய்யச் செய்ய அது இறங்கும், பூஜ்யமானால் பாத்திரம் உங்கள் கையை விட்டே போய்விடும். எனக்குப் பிடித்தது கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985இல் வெளியிட்ட ‘பெண்ட்ராகன்’. ஆர்தர் மன்னனின் வீரர்கள் பற்றியது. அதில் குணங்கள் பதின்மூன்று ஜோடிகளாக வரும். ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 20. கருணை 13 என்றால் கொடூரம் 7. சரணடைந்தவனை வெட்டினால் கொடூரத்துக்கு எதிரே ஒரு குறி விழும், பின்னால் அது ஏறக்கூடும், கருணை அந்த அளவுக்கு இறங்கும். குணம் 16ஐத் தொட்டுவிட்டால் நெருக்கடியில் நீங்கள் முடிவெடுக்க முடியாமல்கூடப் போகும். பகடையை உருட்டு, உன் வழக்கம் என்ன செய்யச் சொல்கிறது பார் என்று ஆட்டம் கேட்கும். தொடக்கத்தில் ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொள்ளலாம். அது அங்கேயே நிற்காது.

ஆனால் வீட்டில் இருப்பது ஐந்தாம் பதிப்புதான் என்றீர்கள். பரவாயில்லை. வாசலில் நிற்கிற கோப்ளினுக்கு 50 புள்ளி. கொன்றாலும் 50, பேசி வழிவிட வைத்தாலும் 50, அவனுக்குத் தெரியாமல் உள்ளே போனாலும் 50 என்று ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அப்போதும் வாளைத்தான் உருவுவார்கள், பகடை உருட்டுகிற குஷி அப்படி. ஒருவராவது, கோப்ளின் பாஷை யாருக்குத் தெரியும் என்று கேரக்டர் ஷீட்டைப் புரட்டுவார்.