கேட்டுச் சேர்த்த பெயரே சங்கத்தின் சொத்து

தறியிலிருந்து துணியை அறுத்து மடித்துக் கொடுத்தவுடன் நெசவாளியின் வேலை முடிகிறது. சங்கத்தின் வேலை அப்பொழுதுதான் தொடங்குகிறது. துணி இருப்பதை வாங்குகிறவர் அறிதல் வேண்டும். அறியாவிடில் சரக்குத் தேங்கும், முதல் முடங்கும், அங்கத்தினருக்கு நூல் கொடுக்க வழியிராது, முடிவில் தறி நிற்கும். விவசாயிகளின் விற்பனைச் சங்கத்தில் மஞ்சள் மூட்டைக்கும் இதுவே கதி.

வாங்குகிறவருக்கு மாதந்தோறும் மின்னஞ்சல் வாயிலாகச் செய்தி மடல் அனுப்புவது இக்காலத்தில் நம் சங்கங்கள் கைக்கொள்ளத்தக்க மலிவான முறையாகும். அச்சுக்கூலி இல்லை, தபால் தலை இல்லை. ஆயினும் அதன் பலன் முழுவதும் பெயர் ஜாபிதாவைப் பொறுத்தது. அந்த ஜாபிதாவை எங்ஙனம் வளர்ப்பது என்பதைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

என் சரகத்துக் கைத்தறிச் சங்கம் ஒன்றில் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு போர்வைகளும் வேட்டிகளும் தேங்கிக் கிடந்தன. ஆர்வம் மிக்க காரியதரிசி, வியாபாரி ஒருவரிடம் பல ஆயிரம் மின்னஞ்சல் விலாசங்களை விலைக்கு வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். விளம்பரச் செலவுதானே என்று நானும் தலையசைத்தேன். அது என் தவறு.

அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மடல் போயிற்று. வந்த ஆர்டர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. நஷ்டம் அதனோடு நிற்கவில்லை. முன்பின் அறியாத சங்கத்தின் மடலைக் கண்ட பலர் அதனைக் குப்பை என்று குறித்துவிட்டனர். அதன்பின், நெடுநாளைய வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பிய மடல்களும் ‘ஸ்பாம்’ என்னும் ஒதுக்குப் பெட்டியில் விழலாயின. தீபாவளி ரிபேட் அறிவிப்பைப் பலர் பார்க்கவே இல்லை. அடுத்த மாதம் சில அங்கத்தினர்களுக்குப் பாவு கொடுக்க இயலாமற் போயிற்று.

பொதுச் சபைக் கூட்டத்தில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார். “ஸார், கேட்காமல் யாரையாவது சங்கத்தில் அங்கத்தினராக எழுதிக்கொள்வோமா? கையெழுத்து வாங்காமல் பங்கு கொடுப்போமா? மடலுக்கு மட்டும் ஏன் கேட்காமல் பெயர் எழுதினோம்?” என்றார். எனக்கு மறுமொழி இல்லை.

பழைய பாடம்

இத்தவறு புதியதன்று. கணினி வலையத்தின் வழியே மின்னஞ்சல் அனுப்பும் முறையை அமெரிக்காவில் ரே டாம்லின்சன் 1971-ம் வருஷம் ஏற்படுத்தினார். ஏழே வருஷத்தில், 1978 மே 3-ந் தேதி, கணினிக் கம்பெனி ஒன்றைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், ‘அர்ப்பாநெட்’ வலையத்தைச் சேர்ந்த சுமார் 400 பேருக்கு அவர்கள் கேளாமலே விளம்பர மடல் அனுப்பினார். கண்டனங்கள் எழுந்தன. கேளாத விளம்பர மடலுக்கு முதல் உதாரணமாக இன்றும் அதனையே சுட்டுகின்றனர்.

இன்று கண்டனத்தோடு நிற்பதில்லை. நாளொன்றுக்கு 5,000 மடலுக்குமேல் ஜிமெயில் விலாசங்களுக்கு அனுப்புவோர் மீதான புகார், 1,000 மடலுக்கு 3 என்னும் அளவை எட்டலாகாது என்று கூகுள் ஸ்தாபனம் 2024-ம் வருஷத்தில் விதித்தது. நம் சங்கங்கள் அவ்வளவு மடல் அனுப்புவதில்லை. எனினும் அளவுகோலைக் கவனியுங்கள்: 200 பேருக்கு மடல் அனுப்பும் சங்கத்தின் மீது ஒருவர் புகார் செய்தாலே அது 1,000-க்கு 5 ஆகிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, விற்பனைச் சாலையிலும் கண்காட்சியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மாதம் எத்தனை மடல் வரும், அதில் என்ன இருக்கும் என்று அதன் தலைப்பில் எழுதுங்கள். விருப்பமுள்ளவர் தம் கையாலேயே விலாசம் எழுதட்டும். பில் போடுகையில் வற்புறுத்திப் பெறுதல் கூடாது.

இரண்டாவது, எழுதியவருக்கு உடனே ஒரு சிறு மடல் அனுப்பி, சம்மதத்தை உறுதிசெய்யும்படி கேளுங்கள். ஓர் எழுத்துப் பிசகினாலும் மடல் வேறொருவருக்குப் போய்விடும். உறுதி செய்தவரை மட்டும் ஜாபிதாவில் ஏற்றுங்கள்.

மூன்றாவது, மடலில் விஷயம் இருக்கட்டும். எந்தத் தறியில் எந்த நம்பர் நூலில் என்ன நெய்யப்படுகிறது, விலை என்ன, எப்பொழுது கிடைக்கும் என்பவற்றைப் படத்துடன் எழுதுங்கள். விவசாயச் சங்கமாயின் அறுவடை நாளையும் சரக்கின் தரத்தையும் எழுதுங்கள்.

நான்காவது, மடலின் அடியில், “வேண்டும் நண்பருக்கு இதனை அனுப்புங்கள், அவரும் இவ்வழியே சேரலாம்” என்று ஒரு வரி இருக்கட்டும். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996-ம் வருஷம் தொடங்கிய ஹாட்மெயில், பயனாளர் அனுப்பிய ஒவ்வொரு மடலின் அடியிலும் இலவச மின்னஞ்சல் பெற அழைக்கும் ஒரு வரியைச் சேர்த்தது. ஒன்றரை வருஷத்துக்குள் பல லட்சம் பேர் சேர்ந்தனர்.

ஐந்தாவது, விலக விரும்புகிறவரின் பெயரை அன்றே நீக்குங்கள். திரும்பி வரும் விலாசங்களையும் அடித்துவிடுங்கள். ஒருவர் விலாசத்தை மற்றவர் காணும்படி அனுப்புதல் கூடாது. 2023-ம் வருஷத்து எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் மனமுவந்ததாய் இருத்தல் வேண்டும், கொடுத்த எளிமையோடு அதனைத் திரும்பப் பெறவும் இயலவேண்டும் என்றே கூறுகிறது.

கடைசியாக, எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்னும் எண்ணிக்கையை நம்பி மகிழாதீர்கள். 2021-ல் ஆப்பிள் கம்பெனி செய்த மாறுதலுக்குப் பின், மடலைப் படியாதவரும் திறந்தவராகக் கணக்கில் வரக்கூடும். வந்த பதில்களையும் ஆர்டர்களையும் எண்ணுங்கள்.

மேற்சொன்ன சங்கம் இம்முறையில் மீண்டும் தொடங்கிற்று. ஆறு மாதத்தில் சேர்ந்த பெயர்கள் இருநூறுக்கும் குறைவு. காரியதரிசிக்கு மனச்சோர்வுதான். ஆனால் அடுத்த பொங்கலுக்கு முன் தேங்கியிருந்த போர்வைகளில் ஏறக்குறையப் பாதியை அந்த ஜாபிதாவில் இருந்தவர்களே வாங்கினர். பாவு வாங்க வந்த அங்கத்தினர் எவரும் அம்மாதம் வெறுங்கையுடன் திரும்பவில்லை.

1844-ல் ராச்டேலில் 28 பேர் மனமுவந்து சேர்ந்ததே நம் இயக்கத்தின் வித்து. தானே விரும்பிச் சேர்தல் என்பது கூட்டுறவின் முதற் கொள்கை. அங்கத்தினர் பதிவேட்டுக்கு நாம் காக்கும் நேர்மையை வாடிக்கைக்காரர் ஜாபிதாவுக்கும் காப்போமாக. அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கத் தீர்மானம் செய்யுங்கள். தொடங்குவதற்கு அதுவே போதும்.