டிராக்டருக்கும் நாடி பாருங்கள்!

நன்றாக ஓடிய டிராக்டர் திடீரென்று நின்றுவிட்டது என்பார்கள். பல சமயம் அது திடீரென்று நிற்பது அல்ல. என்ஜினில் எண்ணெய் அழுத்தம் முன்பே குறைந்திருக்கும். பார்க்கத்தான் வழி இருந்திராது.

சிறிய டிராக்டர்கள் பலவற்றில் இதற்கு ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டாக இருந்த அழுத்தம் 20 ஆகக் குறைந்தாலும் அது எரியாது. சுமார் 10க்கும் கீழே போனால்தான் எரியும். அதற்குள் பேரிங் தேய்ந்துவிடலாம்!

மீட்டரின் முள்ளோ, அழுத்தம் குறையக் குறையக் காட்டிவிடும்.

விளக்கும் வேண்டும்

மீட்டரைத் தனியாக வாங்கி மாட்டலாம். விளக்கின் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அங்கே மூன்று வாய் உள்ள 'டீ' இணைப்பை முடுக்க வேண்டும். ஒரு வாயில் பழைய சுவிட்ச், இன்னொன்றில் மீட்டர். விளக்கை எடுத்துவிடாதீர்கள். உழவில் கவனமாக இருப்பவர் முள்ளைப் பார்க்க மறக்கலாம்.

மரை ஜாக்கிரதை!

ஜப்பான் என்ஜின்கள் பலவற்றில் இந்த இடத்து மரை அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க மீட்டர்களில் 27 சுற்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பலமாக முடுக்கினால் ஏறுவதுபோல இருக்கும். பிறகு எண்ணெய் கசியும். என்ஜினின் மரையே கெட்டுவிடும். இரண்டையும் சேர்க்கும் மாற்று இணைப்பு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

என்ஜின் சூடான பிறகு முள் வழக்கமாக எங்கே நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். ஒரு நாள் அதைவிட மிகவும் கீழே நின்றால், உடனே என்ஜினை நிறுத்தி எண்ணெய் அளவைப் பாருங்கள்.

எண்ணெய் ஊற்றுவதோடு போகிற செலவு, என்ஜினைப் பிரிப்பதில் போய் முடிய வேண்டாமே!