உரிமை இருந்தும் பிரிக்க முடியாத கிளை

2004 டிசம்பர் 26 சுனாமி எமது கரையோரங்களை அழித்த சில நாட்களிலேயே, இலங்கையின் கணினித் துறையினர் பலர் தொண்டர்களாகக் கூடி ஒரு மென்பொருளை எழுதினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் ஆகியவற்றைப் பதியும் அதற்கு 'சஹன' என்று பெயரிட்டனர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

அது திறந்த மூல மென்பொருள். நிரலை யாரும் பார்க்கலாம், பிரதியெடுக்கலாம், மாற்றலாம். அதனால்தான் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கும் அது பயன்பட்டது. இப்படிப் பிரதியெடுத்ததைத் தனி வழியில் வளர்த்தால் அதனைக் கிளை பிரித்தல் என்பர். ஓப்பன் ஒபிஸ் ஒராக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும் 2010 இல் தொண்டர்கள் பிரிந்து லிப்ரே ஒபிஸை உருவாக்கியது இவ்வாறுதான்.

சஹனவின் கதை சற்று வேறு. முதலில் பிஎச்பி மொழியில் இருந்ததைப் பின்னர் பைதன் மொழியில் 'சஹன ஈடன்' என்று புதிதாக எழுதினர். கண்டிப்பாகச் சொன்னால் இது கிளையல்ல, மறு நடுகை. இங்கே பழைய நிரல் வரிகளை அப்படியே தூக்கிச் செல்ல முடியாது. காணாமற்போனவரைப் பற்றி எவற்றைக் கேட்க வேண்டும், ஒரே ஆள் இரு முகாம்களில் பதியப்பட்டால் என்ன செய்வது, ஏன் அப்படி முடிவு செய்தோம் என்ற விளக்கங்களே மறுகரை சேர வேண்டியவை. நிரல் 'எப்படி' என்பதைக் காட்டும். 'ஏன்' என்பதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த பாடசாலை ஒன்றில் ஓர் ஆசிரியர் புள்ளிப் பட்டியலுக்கு அருமையான மென்பொருள் செய்து தந்தார். இடமாற்றம் பெற்றுப் போனார். நிரல் முழுவதும் கணினியிலேயே இருந்தது, குறிப்பு ஒரு வரியும் இல்லை. அடுத்த தவணை நாங்கள் பழையபடி பேனையும் தாளும் எடுத்தோம். சட்டப்படி அதை மாற்ற எமக்கு ஒரு தடையும் இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை!

மொழியும் இதில் சேர்கிறது. லிப்ரே ஒபிஸின் முகப்பைத் தமிழில் பார்க்கலாம். ஆனால் அதன் நிரலை மாற்றப் புகுபவருக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. கொழும்புத்துறையில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்கு அந்த உரிமை இன்னும் கைக்கு எட்டவில்லை. இவ்வேலைக்கு நிரலாளர்தான் வேண்டும் என்றில்லை. ஒரு மென்பொருளை நிறுவிப் பார்த்து, எந்த இடத்தில் தடுமாறினோம், எப்படிச் சரிசெய்தோம் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுத உயர்தர மாணவர் ஒருவரால் முடியும். அதைப் பாடசாலைச் செயற்திட்டமாகவே கொடுக்கலாம்.