0.3 பவுண்டு காற்று குறைவு! முதல் பரிசு பறிபோகுமா? கார் ரேசில் பரபரப்பு

முதலாவதாக வந்தும், வெற்றி தனக்குத்தானா என்று தெரியாமல் ஒரு கார் ரேஸ் வீரர் காத்திருக்க நேர்ந்தது. காரணம், ஒரு டயரில் கொஞ்சூண்டு காற்று குறைந்ததுதான்!

இத்தாலி நாட்டில் மோன்சா என்ற ஊரில், 2015-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி "பார்முலா 1" ரேஸ் நடந்தது. இங்கிலாந்து வீரர் ஹாமில்டன் மெர்சிடஸ் காரில் பறந்தார். இரண்டாவதாக வந்த ஜெர்மனி வீரர் வெட்டலை 25 வினாடி பின்னுக்குத் தள்ளினார்.

ஆனால் ரேஸ் தொடங்கும் முன்பே அதிகாரிகள் டயர்களைச் சோதித்து இருந்தார்கள். பின் டயரில் குறைந்தது 19.5 பவுண்டு காற்று இருக்க வேண்டும். ஹாமில்டன் காரின் இடது பின் டயரில் 0.3 பவுண்டு குறைவு. அதே அணியின் இன்னொரு வீரர் ரோஸ்பெர்க் காரிலோ 1.1 பவுண்டு குறைவு!

விஷயம் அணியினர் காதுக்கு எட்டியது. கடைசிச் சுற்றுகளில், காரணம் கேட்காமல் வேகத்தைக் கூட்டும்படி ஹாமில்டனுக்கு ரேடியோவில் சொன்னார்கள். தண்டனையாகச் சில வினாடி கூட்டினாலும் ஜெயித்துவிடலாம் அல்லவா?

ஏன் இந்தக் கெடுபிடி?

இரண்டு வாரம் முன்பு, ஆகஸ்டு 23-ந் தேதி, பெல்ஜியம் நாட்டு ஸ்பா ரேசில் வெட்டல் 3-வது இடத்தில் ஓடிக்கொண்டு இருந்தார். முடிய 2 சுற்றுகூட இல்லை. திடீர் என்று பின் டயர் வெடித்துச் சிதறியது. நல்ல வேளை, அவர் தப்பினார். அதன் பிறகே மோன்சாவுக்குக் காற்றின் அளவை உயர்த்தினார்கள்.

குறைத்தால் என்ன லாபம்?

காற்று குறைந்தால் டயர் தரையில் நன்றாகப் படியும். பிடிப்பு கூடும். வளைவில் வேகமாகத் திரும்பலாம். ஆனால் டயரின் பக்கவாட்டுப் பகுதி நெளியும். சூடு ஏறும். அளவு மீறினால் "டமார்"தான்!

சரி, கூட்டி அடித்தால்? அதுவும் ஆபத்து. டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். பிரேக் போட்டால் வழுக்கும்.

தீர்ப்பு

டயரை மாட்டியபோது காற்று சரியாகவே இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. டயரைச் சூடாக்கும் மின்சாரப் போர்வையின் இணைப்பை எடுத்த பிறகுதான் அதிகாரிகள் அளந்தார்கள். அதற்குள் டயர் ஆறிவிட்டது. ரேஸ் டயரில் 3, 4 டிகிரி சூடு தணிந்தாலே 0.3 பவுண்டு இறங்கிவிடும்!

நடவடிக்கை இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஹாமில்டன் வெற்றி நிலைத்தது.

வீட்டுக் காருக்கு

வேகமாக ஓடும் எந்தக் காருக்கும் இதே கணக்குதான். 32 பவுண்டு அடித்த டயரில் 10 டிகிரி சூடு ஏறினால், சுமார் ஒன்றரை பவுண்டு கூடும். அதனால் காலையில், வண்டியை எடுக்கும் முன்பே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடக் கூடாது.

டயரின் பக்கத்தில் பொறித்து இருப்பது தாங்கும் உச்ச அளவு. அடிக்க வேண்டிய அளவு டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டி இருக்கும். முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று என்று வேறுபடலாம். முழு பாரம், அதிவேகம் என்றால் அதற்குத் தனி அளவும் சில கார்களில் உண்டு.

காற்று அடிப்பவர் "எவ்வளவு சார்?" என்று கேட்டால், "வழக்கம்போல அடிப்பா" என்று சொல்லாமல், அந்த எண்ணைப் பார்த்துச் சொல்வதே உயிருக்குக் காவல்.